நிலாவைத் தேடிய மூவரின் நன்றி மடல்

அன்புக்குரிய இங்கிலாந்தின் ஸ்லாத்வெய்ட் ஊர் மக்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை இரவு கால்வாயில் நடந்ததை நாங்கள் இங்கே மீண்டும் விவரிக்கப்போவதில்லை. ரொட்டிக் கடையில் தொடங்கி ரயில் நிலையம் வரை அது ஏற்கெனவே நான்கு விதமாகச் சொல்லப்பட்டுவிட்டது. அவற்றுள் எங்களுக்கு மிகக் குறைந்த இழிவைத் தருவது எதுவோ அதையே உண்மையென்று கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

முதலில், மேல்மடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்டு, தண்ணீர் வடிந்து சேற்றில் சாய்ந்து கிடந்த எங்கள் படகை விடியும் முன் மிதக்கவைத்த கால்வாய்த் தன்னார்வலர்களுக்கும், டார்ச் விளக்குடன் ஓடிவந்த அண்டை வீட்டாருக்கும், எங்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்த மதுக்கூடத்தாருக்கும் நன்றி. 1944இல் மூடப்பட்டு, ஊருக்கு நடுவே மண் போட்டு மூடிய நிலையிலேயே பல்லாண்டுகள் கிடந்த இந்தக் கால்வாய், எத்தனையோ பேரின் உழைப்பால் மீண்டும் தோண்டப்பட்டு 2001இல்தான் திறக்கப்பட்டது. அந்த உழைப்பில் மண் சுமந்தவர்கள் சிலர் அன்றிரவும் கரையில் நின்றார்கள். அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. ஆயினும், படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகளான லாக்குகள் 74 கொண்ட இந்தக் கால்வாயில் மீதமுள்ள 73 லாக்குகளுக்கு எங்களால் யாதொரு தீங்கும் நேரவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறோம்.

இனி, இந்த மடலை எழுதவைத்தவரைப் பற்றி. லாக்கின் மதகைத் திருகும் இரும்புக் கைப்பிடி தண்ணீரில் விழுந்துவிட்டதால், வயதைக் கூட்டினால் 220 ஆகும் நாங்கள் மூவரும், முழங்காலளவு சேற்றில் நின்று, நிலவொளியில் இலை வாரும் பல்வாரியால் அதைத் துழாவிக்கொண்டிருந்தோம். கரையோர வீட்டிலிருந்து ஒரு மூதாட்டி வெளியே வந்தார். எங்களைச் சற்று நேரம் பார்த்தார். மற்றவர்களெல்லாம் பின்னர் கேட்ட நூறு கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. "நிலா கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஒளித்துவைத்த சாராயப் பீப்பாய்களை இதே நீரில் வாரியால் தேடிக்கொண்டிருந்தபோது சுங்க அதிகாரிகளிடம் சிக்கி, தண்ணீரில் விழுந்த நிலாவை எடுப்பதாகச் சொல்லித் தப்பிய நம் முன்னோரின் கதையை இவ்வூரில் அறியாதவர் இல்லை. பிப்ரவரித் திருவிழாவில் தாள் விளக்குகளுக்கு நடுவே காகித நிலாவைக் கரைசேர்க்கும்போது கைதட்டியவர்கள்தாம் நாங்களும். ஆனால் முன்னோர் முட்டாளாக நடித்தார்கள்; எங்களுக்கு நடிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

சிறிது நேரத்தில் அந்த மூதாட்டி திரும்பி வந்து, கரையிலிருந்த கல்லின் மேல் மூன்று சோடிக் கம்பளிக் காலுறைகளை வைத்தார். அவை காலஞ்சென்ற அவருடைய கணவருடையவை. மூதாட்டியே தம் கையால் பின்னியவை. ஆலைகள் எல்லாம் ஓய்ந்துவிட்ட இந்தக் கம்பளிப் பள்ளத்தாக்கில், இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை, சேறு படிந்த மூன்று கிழவர்களின் கால்களுக்கு அவர் ஏன் கொடுத்தார் என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. "திருப்பித் தர வேண்டாம், பெட்டியில் இருந்து அவற்றுக்கு என்ன பயன்" என்றார். எங்களுள் மூத்தவர், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர், அன்று வாயைத் திறக்கவே இல்லை. அறுபது ஆண்டு நட்பில் அது முதல் முறை.

அவர் வேண்டாமென்று சொன்னாலும், துவைத்துத் திருப்பித் தருவதே முறை என்று எண்ணினோம். துவைக்கும் பொறுப்பை ஏற்றவர், கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர். இயந்திரத்தில் சுடுநீர் வைத்துவிட்டார். பெருத்த அந்தக் காலுறைகள் இப்போது ஒரு கைக்குழந்தைக்குக்கூடப் பொருந்துமா என்பது ஐயமே. நேரில் வந்து சொல்ல எங்களுக்கு நாணமாக இருப்பதால், அம்மையீர், ஊரறிய இந்த மடலில் மன்னிப்புக் கேட்கிறோம்.

கால்வாயைப் பொறுத்தவரை, இனி ஒவ்வொரு லாக்கிலும் கைப்பிடியை மணிக்கட்டில் கட்டிக்கொள்வதென்றும், வசந்தம் வந்ததும் தன்னார்வலர்களுடன் சேர்ந்து கரையோரப் பாதையைச் செப்பனிடுவதென்றும் உறுதி பூண்டுள்ளோம். காலுறைகளைப் பொறுத்தவரை, மூவரும் நூலும் ஊசியும் வாங்கிப் பின்னக் கற்றுவருகிறோம். முதல் காலுறை முடிந்துவிட்டது. அதற்கு இரண்டு குதிகால்கள் இருக்கின்றன.

இங்ஙனம்,
உங்கள் மூவர்