இரண்டு பேர் வாங்கும் வீடு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீயும் உன் சிநேகிதியும் சேர்ந்து கனடாவில், ஸ்காபரோவில் வீடு பார்ப்பதாக அம்மா சொன்னாள். இரண்டு குமர்ப்பிள்ளைகள் ஒரு வீட்டை எப்படிச் சேர்ந்து வாங்குவது என்று சித்தப்பாவுக்குக் கவலை. வாடகைக்குப் போகிற காசு வங்கிக்குப் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டேன், பேசாமல் இருந்துவிட்டார். வாங்கு. மறிக்க இதை எழுதவில்லை.

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் கிளாக்காக இருந்தவன் என்பதால் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உப்புவெளியில் ஒரு வளவு, அண்ணனுக்கும் தங்கைக்கும் பிரிக்கப்படாத அரைவாசி அரைவாசி. கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாம் உறுதியில் வடிவாக எழுதியிருந்தது. இருவருக்கும் ஒரு மனஸ்தாபமும் இல்லை. அண்ணன் உயில் எழுதாமல் கண்ணை மூடினார். அவர் பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனது, பிள்ளைகளோ நோர்வேயிலும் ஜெர்மனியிலும். ஹோட்டல் கட்ட ஒருவர் நல்ல விலை சொல்லி வந்தார். எல்லோருடைய கையெழுத்தும் சேருமுன் வேறு காணி பார்த்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் பிரிவினை வழக்கு. அதற்கு அலைந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு இழுக்கும் என்று தெரியும்.

உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டு உரிமையை இரண்டு விதமாக எழுதலாம். 'ஜொயின்ட் டெனன்ட்ஸ்' என்றால் ஒருவருக்கு ஏதாவது நடந்தால் முழு வீடும் மற்றவருக்கு. 'டெனன்ட்ஸ் இன் கொமன்' என்றால் 60க்கு 40 என்று பங்கு போடலாம், உன் பங்கு உன் உயில்படி போகும். சிநேகிதிகளுக்கு இரண்டாவதுதான் சரி என்பேன். ஆனால் பங்கு எப்படி இருந்தாலும் மோட்கேஜில், அதாவது வீட்டை ஈடு வைத்து எடுக்கிற கடனில், இருவரும் கையெழுத்து வைத்தால் வங்கிக்கு இருவருமே முழுக் கடனுக்கும் பொறுப்பு. அவளுக்கு வேலை போனால் அவளுடைய தவணையையும் உன்னிடம் கேட்பார்கள்.

அதைவிடப் பெரியது, ஒருவர் விலகும் நேரம். அவள் கலியாணம் கட்டி வன்கூவர் போகிறாள் என்று வை. அவள் பங்கை நீ வாங்க எத்தனை மாதம் தருவாள்? விலையை யார் மதிப்பிடுவது? 5 வருடத்துக்கென்று எழுதிய மோட்கேஜை இடையில் முறித்தால் வருகிற தண்டப்பணம் யார் தலையில்? உன் சம்பளம் மட்டும் போதாதென்றால் வங்கி அவள் பெயரைக் கடனிலிருந்து நீக்காது. பெயர் இருக்கும்வரை அவளுக்கு அடுத்த கடன் கிடைப்பதும் கஷ்டம். மாப்பிள்ளை அந்த வீட்டிலேயே வந்து குடியிருந்தால் அது குடும்ப வீடாகிவிடும், அவர் சம்மதம் இல்லாமல் அவள் தன் பங்கை விற்க முடியாது. இதையெல்லாம் இப்போது, இருவரும் சிரித்துப் பேசுகிற காலத்திலேயே, ஒப்பந்தமாக எழுதுங்கள். ஆளுக்கொரு சட்டத்தரணி வையுங்கள். செலவுதான், பரவாயில்லை.

கூரை, ஹீட்டர் திருத்துகிற செலவுக்குப் பொதுக் கணக்கு ஒன்று திறந்தால் போதும்.

ஒப்பந்த நகல் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறேன். அங்கத்தைய சட்டம் எனக்கு முழுக்க விளங்காவிட்டாலும், எந்த இடத்தில் மழுப்பியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

அம்மாவுக்கு இதில் ஒன்றும் அக்கறை இல்லை. குசினி ஒன்றா இரண்டா என்று மட்டும் கேட்கச் சொன்னாள். அவளுக்கே போன் எடுத்துச் சொல்லு.

அன்புடன்,
அப்பா