பள்ளி வாசல் தின்பண்டங்கள்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள், அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் பாராட்டுகள்.

சரி, சாயங்காலம் பள்ளி விட்டதும் வாசலில் நடப்பதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

போன மாதம் ஒரு வாரம் முழுக்க நானே கேட்டருகே நின்று பார்த்தேன். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று மாங்காய்த் துண்டைத் தின்றுவிட்டு, காகிதத்தில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூளை நக்கிக்கொண்டிருந்தது. அது பழைய செய்தித்தாள். எண்ணெயும் புளிப்பும் பட்டால் அச்சு மை உணவில் இறங்கும். அந்த மையில் காரீயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். தின்பண்டத்தைச் செய்தித்தாளில் மடித்துத் தரக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது.

காரீயம் என்றதும் சிலருக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம். நான் சொல்வது பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருக்கும் காரீயம். மஞ்சள்தூள் பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற காரீய நிறமியைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய சாமான்களை உருக்கி வார்த்த மலிவான அலுமினியச் சட்டியில் புளிப்பான பண்டம் கொதித்தாலும் காரீயம் இறங்கக்கூடும். மூடாமல் வைத்த தட்டில் சாலைப் புழுதி வேறு.

நம் வாசலில் விற்பதில் காரீயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரும் இதுவரை சோதிக்கவில்லை, அதுதான் என் கவலை. மாதிரி எடுத்துப் பரிசோதிக்கக் கேட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

கெட்டுப்போன பண்டம் என்றால் அன்றிரவே வாந்தி வரும், நமக்குத் தெரிந்துவிடும். காரீயம் சிறுகச் சிறுகச் சேர்ந்தால் எதையும் காட்டாது. எலும்பில் போய்த் தங்கும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச் சத்து குறைந்த பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக ஏறும். அதனால் பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை உங்கள் பிள்ளை விழுங்குகிறானா, துப்புகிறானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நாங்களும் இதைத் தின்றுதானே வளர்ந்தோம், சார்" என்று போன கூட்டத்தில் ஓர் அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் நம் இரத்தத்தில் அன்று என்ன இருந்தது என்று யார் அளந்து பார்த்தார்கள்? 2000-ஆம் ஆண்டு வரை பெட்ரோலிலேயே காரீயம் கலந்து விற்ற நாடு இது.

தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்லி எழுதவில்லை. அவர்களில் ஒருவர் நம் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா. விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே செய்தித்தாளை விட்டுவிட்டு மந்தாரை இலைக்கு மாறிவிட்டார். சுண்டலுக்கு எவர்சில்வர் பாத்திரமும் மூடியும் கொண்டு வருகிறார்.

ஆனால் உங்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிபன் கட்ட நேரமில்லை என்று 20 ரூபாயைக் கையில் திணித்து அனுப்புவதை நிறுத்துங்கள். வரும் திங்கள் முதல் பிள்ளைகள் பணம் கொண்டு வரக் கூடாது. கொண்டு வந்தால் வகுப்பாசிரியர் வாங்கி வைத்து உங்களிடமே தருவார். கூட்டிப் போக வரும் நீங்களே வாசலில் செய்தித்தாள் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் எங்கள் பேச்சைப் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள்?

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு வாழைப்பழம், கொஞ்சம் பொரிகடலை, ஒரு கடலை உருண்டை போதும். அதுவும் முடியாத நாளில் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த ஒரு மாதத்தில் தானாகவே டிபன் டப்பா கொடுத்தனுப்பத் தொடங்கிய வீடுகளுக்கும், சாயங்காலம் என்னோடு வாசலில் வந்து நின்ற அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. பரிசோதனை முடிவு வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்