மரத்தடியில் ஸ்கோர் எழுதும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால் மாற்றுத்திறனாளி மாணவர்களின் விளையாட்டுப் போட்டிப் படங்கள் நாளிதழ்களில் வரும். மகிழ்ச்சிதான். மற்ற நாள்களில் பி.டி. பீரியடில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? வேப்பமரத்தடியில், ஸ்கோர் நோட்டோடு. அப்படி உட்கார வைத்தவர்களில் நானும் ஒருவன். 31 ஆண்டுகள் பி.டி. வாத்தியாராக இருந்தேன். "விழுந்துடுவே, போய் உட்காரு" என்று சொன்னதைக் கருணை என்றே நினைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஞாயிறு காலைகளில் தெருப் பிள்ளைகள் 14 பேரை ஆடவிடுகிறேன். நான்கு பேர் மாற்றுத்திறனாளிகள். முதல் வாரம் பழக்கதோஷத்தில் விசில் ஊதிவிட்டேன். ஆட்டிசம் உள்ள பையன் காதைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடிவிட்டான். இப்போது விசில் வீட்டில் தூங்குகிறது. பச்சைத் துண்டைத் தூக்கினால் ஆட்டம், இறக்கினால் நிறுத்தம். அடுத்து என்ன ஆட்டம் என்று படம் வரைந்து அவனிடம் முன்பே காட்டிவிடுகிறேன். பார்வையில்லாத சிறுமிக்குப் பந்தைக் கேரி பேக்கில் போட்டுக் கட்டினேன். சரசரப்பைக் கேட்டு உதைக்கிறாள். சக்கர நாற்காலிப் பையனுக்கு, குறிப்பந்துக்கு அருகே மற்ற பந்துகளைச் சேர்க்கும் ‘போச்சியா’ ஆட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டியில் உள்ள ஆட்டம்தான்; எங்களுக்குப் புளியங்கொட்டை அடைத்த துணிப்பந்தும், நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. குழாயும் போதும். எறிய முடியாதவன் குழாய்வழியே உருட்டுகிறான். எல்லோரும் உட்கார்ந்தே ஆட வேண்டும் என்பது விதி. அவன்தான் அதிகம் ஜெயிக்கிறான். கொஞ்சம் அலட்டலும் உண்டு.

ஆடவிடும் முன் வீட்டாரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம், தலையால் பந்தை முட்டுவது கூடாது. பணியில் இருந்தவரை இது எனக்குத் தெரியாது. நான் போன எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற 2016-இல்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது. விளையாட்டில் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைக் கல்வி நிறுவனங்கள் தர வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. உடற்கல்வி ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சியில் இதற்கென ஒரு நாளாவது கல்வித்துறை ஒதுக்க வேண்டும்.

டிசம்பர் 3 போட்டிகளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள். சிறப்பு விருந்தினருக்காகப் பிள்ளைகளைப் பதினொரு மணிவரை திடலில் காக்க வைக்காதீர்கள். டிசம்பர் வெயில்தானே என்பீர்கள். தண்டுவடம் பாதித்தவர்கள் பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. ஏறிய சூடு எளிதில் இறங்காது.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சேலம்.