ஈரக் கழிவு வாசலைத் தாண்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "நாம் வீட்டில் என்னதான் பிரித்து வைத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள், அப்புறம் எதற்கு இந்த வேலை?" என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கோபம் நியாயமானது. நானும் அதைக் கண்ணால் பார்த்தவன். கழுவி, காயவைத்து, தனியாகக் கட்டிக் கொடுத்த பை பக்கத்து வீட்டு எச்சில் பையோடு ஒரே குவியலில் விழுந்ததை மாடியில் நின்று பார்த்தேன். அதன்பின் இரண்டு மாதம் பிரிப்பதையே விட்டுவிட்டேன். மறுபடி தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அந்த வாசகருக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்தேன். கலவைகளைப் பிரிக்கும் பாடம் வரும்போதெல்லாம் மணல், உப்பு, இரும்புத்தூள் மூன்றையும் கலந்து வைப்பது என் பொறுப்பு. கலக்க அரை நிமிடம் போதும். பிரிக்க ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும். காந்தம் வேண்டும், தண்ணீர் வேண்டும், வடிதாள் வேண்டும், கடைசியில் உப்புநீரைக் காய்ச்ச விளக்கு வேண்டும். இத்தனை பாடுபட்டும் போட்ட உப்பு போட்ட அளவில் திரும்பி வந்ததே இல்லை. மணலோடு கொஞ்சம், வடிதாளில் கொஞ்சம் தங்கிவிடும்.

பிரிப்பதை விட்டிருந்த அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள் என் வீட்டுக் குப்பைப் பையைத் திறந்து பார்த்தபோது இந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது. உள்ளே இருந்த செய்தித்தாள், அட்டை, பாட்டில் எதுவும் தன்னளவில் குப்பை இல்லை. அவற்றைக் குப்பையாக்கியது தேயிலைச் சக்கையும் பழத்தோலும் மிச்ச உணவின் எண்ணெயும்தான். பழைய காகிதத்தைத் தண்ணீரில் கூழாக்கித்தான் புதுக் காகிதம் செய்கிறார்கள். எண்ணெய் ஊறிய காகிதத்தில் அந்தத் தண்ணீரால் எண்ணெயைப் பிரிக்க முடியாது. அப்படியே குப்பைக் கிடங்குக்குப் போனால், காற்று புகாத ஆழத்தில் ஈரக் கழிவு அழுகி மீத்தேனாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

ஆகவே நான் வேறு விதமாக யோசித்தேன். வண்டியில் கலக்கிறார்களா இல்லையா என்பது என் கையில் இல்லை. ஆனால் ஈரமே வீட்டை விட்டுப் போகாவிட்டால்?

எங்களுக்குத் தோட்டம் கிடையாது. இரண்டாம் மாடியில் ஒரு சின்னப் பால்கனி, அவ்வளவுதான். ஈரக் கழிவை மக்க வைத்து உரமாக்க, பக்கவாட்டில் துளையிட்ட, மூடி போட்ட இரண்டு வாளிகளை அங்கே வைத்தேன். முதல் மாதம் படுதோல்வி. அடியில் கறுப்புத் தண்ணீர், மேலே குட்டி ஈக்கள், மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கோ அந்த வாடை பழக்கமானது. ஆய்வகத்தில் வாயு தயாரிக்கும் கண்ணாடிக் கருவியான கிப் உபகரணத்தில் தயாரிப்போமே, அதே ஹைட்ரஜன் சல்பைடு! கழிவு அழுகும்போது காற்று இல்லாத இடத்தில்தான் இது உண்டாகும். வாளிக்குள் ஈரம் அதிகம், காற்று இல்லை என்று வாளியே எனக்குச் சொல்லிவிட்டது.

மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தோராயமாக 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் தேவை. காய்கறித் தோலில் அந்தக் கார்பன் பங்கு ஏறத்தாழ 20தான். அட்டையிலும் மரத்தூளிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. நான் வெறும் தோலாகப் போட்டு நிரப்பியிருந்தேன். இப்போது ஒரு கிண்ணம் தோல் போட்டால் இரண்டு கிண்ணம் காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ மேலே போட்டு மூடுகிறேன். வாரம் இருமுறை கிளறுகிறேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. அமோனியா நெடி மூக்கைக் குத்தினால் தோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், இலையைக் கூட்ட வேண்டும். நாலு மாதத்தில் கையில் வந்தது கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருந்தது. அந்த வாசனையைத் தருபவை ஆக்டினோமைசீட்டுகள் என்னும் நுண்ணுயிர்கள். 31 வருட வேலையில் எத்தனையோ தயாரித்திருக்கிறேன். எதையும் இப்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றதில்லை.

எல்லாம் வாளிக்குள் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோய்க்கிருமிகள் அழிய மூன்று நாளாவது 55 டிகிரி சூடு இருக்க வேண்டும். பெரிய குவியலில் அது வரும். என் வாளியில் வெப்பமானி 40ஐத் தொட்டாலே பெரிது. அதனால் இறைச்சி, மீன், செல்லப்பிராணியின் கழிவு எதையும் போடுவதில்லை. பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பிளாஸ்டிக், அப்படியே கிடக்கும். தேயிலைப் பைகள் சிலவற்றில் பிளாஸ்டிக் நார் கலந்திருக்கிறது. அவை மெல்லிய வலைபோல மிஞ்சி நின்றன. 'மக்கும் பிளாஸ்டிக்' என்று எழுதிய பை ஒன்றை நம்பிப் போட்டேன். ஆறு மாதம் கழித்தும் எழுத்துகூட அழியவில்லை. அந்த வகைகளில் பெரும்பாலானவை ஆலைகளில் உள்ள 60 டிகிரிக்கு நெருங்கிய சூட்டில்தான் மக்கும். பையில் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டாமா?

இனி அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஈரம் போய்விட்டால் மிச்சக் குப்பை நாறாது. நாறாத குப்பையை அன்றன்றே வெளியே தள்ள வேண்டிய அவசரம் கிடையாது. எங்கள் வீட்டில் காகிதமும் பாட்டிலும் டப்பாவும் ஒரு மூலையில் ஒரு மாதம் இருக்கும், ஈ எறும்பு எட்டிப் பார்ப்பதில்லை. அப்புறம் பழைய பொருள் வாங்குபவரிடம் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், வண்டிக்குப் போவதே இல்லை. ஒரு வீடு செய்தால் ஒரு வீட்டுக் குப்பை தப்பும். எங்கள் படிக்கட்டில் உள்ள எல்லா வீடும் செய்தால் வண்டியில் கலப்பதற்கே ஒன்றும் இருக்காது.

பிளாஸ்டிக்கைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. முக்கோணத்துக்குள் எண் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்று நானும் எண்ணியிருந்தேன். 1988இல் வந்த அந்த எண்கள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கின்றன. விடுமுறைக்கு வந்த பேத்தியோடு ஒரு பாட்டிலையும் அதன் மூடியையும் துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் போட்டோம். "தாத்தா, மூடி மட்டும் மிதக்குது!" என்றாள். பாட்டில் எண் 1 உள்ள பெட் என்னும் பிளாஸ்டிக், அது தண்ணீரைவிடக் கனம், மூடியின் பிளாஸ்டிக் லேசு. ஆலையிலும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். பி.வி.சி. என்னும் வேறொரு பிளாஸ்டிக்கோ பெட்டைப் போலவே மூழ்கும், தண்ணீரில் தனியே பிரியாது. பெட்டோடு சேர்த்து உருக்கினால், பெட் உருகும் சூட்டுக்கு முன்பே பி.வி.சி. சிதைந்து அமிலம் கக்கி மொத்தத்தையும் பழுப்பாக்கும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பளபளப்பு உறைகளை எந்தத் தண்ணீரும் பிரிக்காது. 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது என்று 2017இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த உறைகளை வாங்காமல் இருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்றை எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடிக்குத் தனிப் பெட்டி வைத்திருந்தோம். ஒரு மாணவனின் கைகூட அதில் கிழிந்ததில்லை. அப்படிப்பட்ட நான், வீட்டில் உடைந்த தம்ளரை வெறும் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் குப்பை எடுக்க வந்த அம்மா உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தார். என் பையா என்று கேட்டேன். ஆமாம் என்று மட்டும் சொன்னார். அவருக்கு நான் எப்படி ஈடு செய்வது? அன்றிலிருந்து கண்ணாடி, பிளேடு, ஊசி எல்லாம் கெட்டியான டப்பாவில், மேலே எழுதி ஒட்டி, உள்ளே என்ன என்று சொல்லி அவர் கையிலேயே தருகிறோம். பேட்டரிகளும் தனி. லித்தியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

கேள்வி கேட்ட வாசகரிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கே வாளி வாங்க வேண்டாம். முதலில் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த இலையைச் சேர்த்து வையுங்கள், அது இல்லாமல் தொடங்கித்தான் நான் தோற்றேன். பிறகு நாலு மாதம் ஈரத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள். வாளி நாறினால் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள், என்ன வாடை என்று குறிப்பிட்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்