இளம் வழக்கறிஞர்களுக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகில இந்திய பார் தேர்வில் தேறி, சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் தொழிலைத் தொடங்கும் இளைஞர்களுக்கு வழக்காடும் முறையைச் சீனியர்கள் அக்கறையுடன் கற்றுத் தருகிறார்கள். ஆனால் தொழிலில் நேரும் பிழைக்கான பொறுப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்ததால், இனி அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கவனக்குறைவால் கட்சிக்காரருக்கு இழப்பு நேர்ந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மீது வழக்குத் தொடர 1926-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் (கட்டணம்) சட்டத்திலேயே இடமுண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்கான 30 நாள் கெடுவைத் தவறவிட்டாலோ, ஏற்காட்டில் காபித் தோட்டம் வாங்குபவருக்கு வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் முழுமையாக ஆராயாமல் சட்டக் கருத்துரை வழங்கினாலோ, ஜூனியரின் பல ஆண்டு வருமானத்தையும் மிஞ்சும் தொகை கோரப்படலாம்.

இத்தகைய இழப்பீட்டை ஈடுசெய்ய உதவும் தொழில் பொறுப்புக் காப்பீடு நம் நாட்டில் கட்டாயமில்லை. எடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான பாலிசிகளில், பிழை நேர்ந்த நாளில் மட்டுமன்றி, இழப்பீடு கோரப்படும் நாளிலும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும், இடையில் புதுப்பிக்காமல் விட்டால் பழைய வழக்குகளுக்கான பாதுகாப்பும் போய்விடக்கூடும். வேண்டுமென்றே செய்த மோசடிக்கு எந்தப் பாலிசியும் துணை நிற்காது, நிற்கவும் கூடாது.

பிரீமியத்தைத் தனியாகச் செலுத்த இயலாத ஜூனியர்களுக்காக, சேலத்தின் வழக்கறிஞர் சங்கங்கள் குழுக் காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யவும், சட்டக் கல்லூரிகள் இறுதியாண்டிலேயே இதுகுறித்த வழிகாட்டும் வகுப்புகளை நடத்தவும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த வழக்கறிஞர் ஒருவர்,
சேலம்.