கிலோக் கணக்கில் போகும் புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடும் வேலையும் போன ஒரு புத்தகப் பித்துக்காரி, பழைய புத்தகக் கடையொன்றின் மேல்மாடி அறையில் மறுபடி வாழத் தொடங்கும் நாவலைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். மகள் வாங்கித் தந்து, நானும் இரண்டே இரவில் வாசித்து முடித்தேன். "மனதை வருடும் இலகுவான கதை" என்று உங்கள் விமர்சகர் முடித்திருந்தார். மனதை வருடுகிறது, சரி. இலகுவானது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1983 ஜூலையில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது எனக்கு 22 வயது. அப்பாவின் புத்தக அலுமாரி இரண்டும் போயின. கடையில் வாங்கியவற்றைப் பின்னால் எப்படியும் தேடிப் பிடிக்கலாம். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து அவரே பைண்ட் செய்து வைத்திருந்தவற்றை எங்கே போய்த் தேடுவது? படங்கள், விளம்பரங்கள், ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதிய பால் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் சில நாள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. யாழ்ப்பாணத்திலாவது வாசிக்கலாம் என்று போனால், பொது நூலகம் 1981 இலேயே 97,000 நூல்களோடு எரிந்து போயிருந்தது.

நாவலில் அந்தப் பெண் முதல் மாதம் முழுக்க ஒரு புத்தகத்தையும் திறப்பதில்லை. சுற்றிவரப் புத்தகம், கை போகாது. அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு அழுதேன். எனக்கு அது இரண்டு வருடம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள், "கண் தெரியேல்லை பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்று அட்டை இல்லாத ஒரு நாவலை நீட்டினார். அவருக்காகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் அவர் நித்திரையான பிறகும் நான் நிறுத்தவில்லை.

கொழும்புக்குத் திரும்பிய பின் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், மருதானைப் பழைய புத்தகக் கடைகளும்தான் என்னை மறுபடி வாசகி ஆக்கின. மருதானையில் சிங்கள, ஆங்கிலப் புத்தகங்களுக்கு அடியில் தமிழைத் தேடி எடுக்க வேண்டும். கிடைத்தவற்றில் பாதியில் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். நாவலின் நாயகியைப் போல நானும் மற்றவர்கள் கழித்த புத்தகங்களால்தான் எழும்பினேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்புகின்றன. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும்; பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வீடு விற்கிற அவசரத்தில் புத்தகங்கள் பழைய பேப்பர் எடுப்பவரிடம் கிலோவுக்குப் போகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிறுக்க முதல் தமிழ்ச் சங்கத்தில் ஒருதரம் கேளுங்கள். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்து வரும் நூலகம் திட்டத்தாரிடமும் கேளுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் அயலில் வாசிக்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் மூன்று மட்டைப்பெட்டிகள் தராசுக்குக் காத்திருந்தன. கேட்டு ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டேன். அடியில் யாரோ வீட்டில் ஊசி நூலால் தைத்த தொடர்கதை ஒன்று. உள்ளே ஒரு பிள்ளையின் பெயரும் "5ஆம் வகுப்பு" என்றும் எழுதியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் எங்கே போனார்கள் என்று ஒழுங்கையில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06