அயல்நாட்டு உறவுப் பங்கு: பணம் வரும் வழியை முதலில் சரிசெய்வோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழகத்தின் பல கத்தோலிக்கப் பங்குகளுக்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள கோவில் சமூகங்களுக்கு, ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி போன்ற நாடுகளில் நட்புறவு வைத்துள்ள உறவுப் பங்குகள் உண்டு. அங்கே பணிக்குப் போன நம்மூர்க் குருவானவர் ஒருவர் வழியாகத்தான் பெரும்பாலும் இந்த உறவு தொடங்குகிறது. அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கோவிலைப் பற்றியும் பேசுகிறார். அங்குள்ள மக்கள் ஒரு ஞாயிறன்று காணிக்கை எடுத்து அனுப்புகிறார்கள். சில ஆண்டுகளில் கடிதம் குறைந்து, கணக்குக் கேட்டு மின்னஞ்சல் மட்டும் வருகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் யாருடைய நேர்மைக் குறைவும் அல்ல, பணம் எந்த வழியாக வரவேண்டும் என்பதை இரு தரப்பும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளாததுதான். பங்கு நிதிக்குழுக்களில் கணக்குப் பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

அயல்நாட்டு நன்கொடையை எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன்படி, பணம் எந்த நாட்டில் இருந்து வந்தது என்பதைவிட, யாருடைய பணம் என்பதே முக்கியம். ஜெர்மனியில் பணியாற்றும் குருவானவர் இந்தியக் குடியுரிமை உள்ளவரானால், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகப் பங்குக்குத் தருவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அங்குள்ள மக்களிடம் திரட்டிய தொகையைத் தம் கணக்கில் போட்டு, அங்கிருந்து ஊர்ப் பங்குக்கு அனுப்பினால் அது சட்டமீறல். நல்ல மனத்தோடு செய்யப்படுவதால் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை. அதேபோல, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், கோவிலுக்கு அவர் தரும் பணம் அயல்நாட்டுப் பணமே. திருப்பலிக் காணிக்கையாக அங்கிருந்து வரும் தொகையையும் அயல்நாட்டு நன்கொடையாகவே நடத்துவதுதான் பாதுகாப்பு.

அயல்நாட்டு நன்கொடை பெற இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். பெரும்பாலான பங்குகளுக்குத் தனியாக இந்தப் பதிவு இருக்காது. ஓர் ஆயரின் கீழ்ப் பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் சங்கத்துக்கோ சமூகப்பணி மையத்துக்கோதான் இருக்கும். புதிதாகப் பதிவு பெற, அமைப்பு 3 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும். ஆகவே, உறவுப் பங்குக்கு வங்கி விவரம் அனுப்புவதற்கு முன், மறைமாவட்ட நிதிப் பொறுப்பாளரிடம் 2 விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பதிவு எந்தத் தேதி வரை செல்லும்? எந்தப் பணிகளுக்காகப் பெறப்பட்டது? இரண்டாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. பதிவில் சமூகம், கல்வி, சமயம், பொருளாதாரம், பண்பாடு என 5 வகைகள் உண்டு. சமூகப் பணிக்காக மட்டும் பதிவு பெற்ற மையத்தின் கணக்குக்குக் கோவில் கூரைக்கான பணம் வந்தால், அதை எடுத்துக் கூரை போட முடியாது.

இந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அயல்நாட்டுப் பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அந்தச் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். அங்கிருந்து உள்ளூர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அனுப்புபவரின் பெயர், முகவரி, நாடு, நோக்கம் எல்லாம் தெளிவாக இல்லாவிட்டால் வங்கி விளக்கம் கேட்டு நிறுத்திவைக்கும். ‘இந்தியா உதவி’ என்று எழுதி அனுப்பினால் போதாது. ‘இன்ன ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்வுசெய்யவும் சொல்லுங்கள். இல்லையேல் இடையிலுள்ள வங்கி பிடித்துக்கொண்டு, அவர்கள் ரசீதில் ஒரு தொகையும் நம் கணக்கில் வேறு தொகையும் நிற்கும். பின்னால் சந்தேகம் முளைப்பது இந்தச் சின்ன வித்தியாசத்தில் இருந்துதான்.

அதே திருத்தம் இன்னொன்றையும் மாற்றியது. பணம் பெற்ற சங்கம் அதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றிவிட முடியாது. பங்கின் பெயரில் தனி அறக்கட்டளை இருந்தால், மறைமாவட்டச் சங்கம் அதற்குக் காசோலை கொடுக்கக் கூடாது. சங்கமே நேரடியாகச் செலவழிக்க வேண்டும். இதை நடைமுறையில் பாருங்கள். கழிப்பறை கட்டச் சிமென்ட், கம்பி, ஓடு வாங்குகிறோம். பில் ‘பங்குத்தந்தை’ என்ற பெயரில் இருந்தால் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். பணம் பெற்ற சங்கத்தின் பெயர், முகவரி, கடையின் ஜி.எஸ்.டி. எண் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். பணம் சங்கத்தின் கணக்கிலிருந்து நேராகக் கடைக்கும் கான்ட்ராக்டருக்கும் போக வேண்டும். ‘முதலில் உண்டியல் பணத்தில் கட்டிவிடுவோம், பிறகு எடுத்துக்கொள்வோம்’ என்று தொடங்கிய வேலைகள் கோப்பு மூட முடியாமல் நிற்கின்றன. வேலை தொடங்கும் முன்பே கான்ட்ராக்டரிடம் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிட்டால் பாதித் தலைவலி குறையும். நிர்வாகச் செலவு ஆண்டுக்கு வரும் நன்கொடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். முன்பு இது 50 ஆக இருந்தது.

கணக்கு ஆண்டு வேறுபடுவதும் ஒரு பெரிய சிக்கல். ஜெர்மன் பங்குக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அவர்கள் ஜனவரியில் கணக்குக் கேட்கும்போது நம் நிதியாண்டே முடிந்திருக்காது, தணிக்கை அதற்குப் பிறகுதான். அயல்நாட்டு நன்கொடையின் ஆண்டுக் கணக்கை அரசுக்குத் தரும் எஃப்.சி.-4 படிவத்தைத் தாக்கல் செய்யும் கெடுவே நிதியாண்டு முடிந்து 9 மாதம், அதாவது அடுத்து வரும் டிசம்பர் 31. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஜனவரியில் தணிக்கை செய்யாத 2 பக்க அறிக்கை அனுப்புங்கள்: வந்த தொகை யூரோவிலும் ரூபாயிலும், மாற்று விகிதம், செலவு, கையிருப்பு, 4 புகைப்படங்கள். அதையே நம் மக்களுக்கும் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1267 சொல்கிறது. காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287 சொல்கிறது. பங்குதோறும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்பது சட்டம் 537. வெளிநாட்டாருக்கு மட்டும் கணக்குக் காட்டிவிட்டுச் சொந்தப் பங்கின் அன்பியங்களுக்கு (பகுதிவாரியான சிறு குழுக்களுக்கு) காட்டாத பழக்கம் மாற வேண்டும்.

பொருள்களை அனுப்புவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். பழைய துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. பயன்படுத்திய மருத்துவக் கருவிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். துறைமுகத்தில் சரக்கு கிடக்கும் நாளுக்கெல்லாம் வாடகை ஏறும்.

உறவுப் பங்கிலிருந்து விருந்தினர் வரும்போதும் கவனம் தேவை. பங்கு இல்லத்தில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் திருப்பலியில் பங்குபெறலாம். ஆனால் கோவிலில் சமய உரையாற்றுவதும் சமயத் துண்டறிக்கை கொடுப்பதும் அந்த விசாவில் செல்லாது. திருவிழா நோட்டீசில் ‘சிறப்பு மறையுரை’ என்று அவர் பெயரைப் போடுவது பெருமையாகத் தோன்றலாம், மாட்டிக்கொள்வது அவர்தான். விடுதிக் குழந்தைகளின் படத்தோடு பெயரையும் குடும்பக் கதையையும் எழுதி அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்பதைவிட, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான கல்வி நிதி நல்லது.

இன்னொரு மாற்றம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியில் பங்குகளை வேகமாக இணைத்து வருகிறார்கள். 1986 முதல் பெரு நாட்டுத் திருச்சபையோடு உறவு வைத்திருக்கும் ஃபிரைபூர்க் உயர் மறைமாவட்டமே, 2026 ஜனவரி 1 முதல் 36 பெரிய பங்குகளாகச் சுருங்கிவிட்டது. நமக்குக் கடிதம் எழுதிய குழுவும் அதன் வங்கிக் கணக்கும் இப்படிப்பட்ட இணைப்பில் காணாமல் போய்விடலாம். இந்தப் பக்கம் நம் பங்குத்தந்தையர்கள் சில ஆண்டுக்கொருமுறை மாற்றலாகிறார்கள். அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்த கடிதங்கள் அத்தனையும் அவரோடு போய்விடுகின்றன. பங்கின் பெயரில் ஒரு மின்னஞ்சல், பங்குப் பேரவையில் பொதுநிலையினர் (குருவல்லாதவர்) இருவர் பொறுப்பு, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்க உடன்பாடு, 3 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பது ஆகிய நான்கும் இல்லாமல் பணம் வாங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

பணமில்லாமலும் உறவு வாழும். அவர்கள் பங்கின் இறந்தோர் பெயர்களை நவம்பரில் வாங்கி நம் திருப்பலியில் வாசிக்கலாம். ஜனவரியில் அங்கே பிள்ளைகள் மூவரசர் வேடமிட்டு வீடு வீடாகப் பாடிப்போகும் நாளில், நம் மறைக்கல்விப் பிள்ளைகள் பொங்கல் வாழ்த்து அனுப்பலாம். காணொளியில் பேசுவதானால், குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருப்பார்கள் என்பதைப் பார்த்து நேரம் குறியுங்கள். அங்கே கோவில்கள் மூடப்படுகின்றன, முதியவர்கள் தனிமையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் என்ன செய்கிறோம் என்று உடன்பாட்டில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். வாங்குகிற கை எப்போதும் நம்முடையதாகவே இருப்பது நமக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல.

குருவானவர்களின் மாற்றல் பட்டியல் வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மறைமாவட்ட நிதி அலுவலகமும் உறவுப் பங்கு வைத்திருக்கும் பங்குகளின் பேரவையினரை அழைத்து அரைநாள் பயிற்சி நடத்த வேண்டுகிறோம். நடப்பு உடன்பாடு, வங்கிக் கடிதங்கள், பில் கோப்பு மூன்றையும் அவர்கள் கையோடு கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
பங்கு நிதிக்குழு உறுப்பினர்கள் சிலர்,
பாளையங்கோட்டை